ஏசி கேஸ் வருஷா வருஷம் தீருமா? (ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32, ஆர்-290)

ஏப்ரல் 9, 2025 | வேளச்சேரி வாசகர்

ஒன்றரை டன் இன்வர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசி, ஆர்-32 கேஸ். புது வீட்டுக்கு வந்தப்போ வாங்கினது. ஒவ்வொரு மார்ச் மாசமும் கூலிங் குறையுது. ஆள் வந்து கேஜ் (அழுத்தமானி) மாட்டிப் பார்த்துட்டு, "ஓட ஓட கேஸ் செலவாகும் சார், போட்டுத்தான் ஆகணும்" என்று நிரப்பிட்டுப் போறார். உண்மையிலேயே செலவாகுமா? இன்னொன்று, கசியற கேஸ் படுக்கையறையில்தானே வருது, கைக்குழந்தை இருக்கிற வீட்டில் பயப்படணுமா?

ஏப்ரல் 9 | காயில்காரன்

செலவாகாது. ஆர்-32 என்பது டைஃபுளூரோமீத்தேன். ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஃபுளூரின். மைனஸ் 51.7 டிகிரியிலேயே கொதிக்கிற பொருள். இன்டோர் காயிலில் ஆவியாகும்போது அறையின் சூட்டை எடுத்துக்கொள்ளும், அவுட்டோர் காயிலில் மறுபடி திரவமாகும்போது அதை வெளியே விட்டுவிடும். மூடிய குழாய்க்குள் நடக்கிற சுற்று இது. எதுவும் எரிவதில்லை, வேறு பொருளாக மாறுவதும் இல்லை. பத்து வருஷம் ஓடினாலும் உள்ளே போட்ட கிராம் உள்ளேயே இருக்கணும்.

குறைந்தால் ஓட்டை இருக்கு. ஓட்டையை அடைக்காமல் நிரப்பினால், நிரப்பினது எல்லாம் மறுபடி காற்றுக்குத்தான் போகும்.

குழந்தை விஷயத்துக்குத் தனியாக எழுதுகிறேன். அவசரமில்லை, பெரிய ஆபத்து இல்லை. ஆனால் விட்டுவிடவும் வேண்டாம்.

ஏப்ரல் 10 | மதுரை சர்வீஸ்

அண்ணே, ஒரு சந்தேகம். மெஷினை நிறுத்தி வெச்சு கேஜ் மாட்டினா ஆர்-32ல 260, 270 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) காட்டினா கேஸ் ஃபுல்னுதான் எனக்குக் கடையில சொல்லிக் கொடுத்தாங்க. கம்மியா காட்டினா போடுவோம். இதுல என்ன தப்பு?

ஏப்ரல் 10 | காயில்காரன்

தம்பி, பாதித் தொழில் இந்த ஒரு விஷயத்தில்தான் தடுமாறுது. வீட்டு சமையல் சிலிண்டர் பாதி காலியானாலும் அடுப்பில் தீ அதே மாதிரி எரியுதே, அதே கணக்குதான். உள்ளே ஒரு துளி திரவம் மிச்சம் இருக்கிற வரைக்கும் நின்ற அழுத்தம் வெப்பநிலையை மட்டும்தான் சொல்லும், அளவைச் சொல்லாது. 30 டிகிரியில் தோராயமாக:

ஆர்-22: 158 பிஎஸ்ஐ
ஆர்-410ஏ: 259
ஆர்-32: 265
ஆர்-290 (புரொப்பேன்): 142

இதே ஆர்-32 வெயிலில் 35 டிகிரி ஏறினால் 300ஐத் தாண்டும். 800 கிராம் இருக்க வேண்டிய மெஷினில் 500 கிராம் இருந்தாலும் நிறுத்தி வைத்தால் அதே 265 காட்டும். நீ "ஃபுல்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாய், கம்ப்ரசர் சூடாகிக்கொண்டே இருக்கும்.

நின்ற அழுத்தம் வேறு ஒன்றுக்குப் பயன்படும். அரை மணி நேரம் நிறுத்தி, அவுட்டோர் காயிலின் வெப்பநிலையைத் தெர்மாமீட்டரில் எடுத்து, அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார். அட்டவணையை விட அதிகமாகக் காட்டினால் உள்ளே காற்று கலந்திருக்கு, அல்லது வேறு கேஸ் கலந்திருக்கு. நன்றாகக் குறைவாகக் காட்டினால் திரவமே மிச்சமில்லை, கிட்டத்தட்ட காலி.

ஏப்ரல் 10 | மதுரை சர்வீஸ்

ஓட்டிப் பார்த்து சக்ஷன் பிரஷர் (கம்ப்ரசருக்குத் திரும்பி வர்ற கேஸோட அழுத்தம்) வெச்சுப் போடலாமா?

ஏப்ரல் 11 | காயில்காரன்

பழைய ஆர்-22 நிலைவேக மெஷினில் 60–70 பிஎஸ்ஐ பார்த்து, ஆம்பியரும் பார்த்து ஓரளவு போட முடிந்தது. இன்வர்ட்டரில் அந்த வேலை ஆகாது. கம்ப்ரசர் வேகம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், காயிலுக்குப் போகும் கேஸைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வும் தானாகத் திறந்து மூடும். ஆர்-32ல் 115–140க்குள் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். எடை மெஷின் இல்லாமல் இன்வர்ட்டருக்குக் கேஸ் போடக் கூடாது. 5 கிராம் துல்லியம் உள்ள டிஜிட்டல் தராசு போதும். எவ்வளவு என்பது அவுட்டோர் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும்.

குறைவாகப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்ப்ரசர் மோட்டாரைக் குளிர வைப்பதே திரும்பி வருகிற குளிர்ந்த கேஸ்தான். அது குறைந்தால் டிஸ்சார்ஜ் சூடு, அதாவது கம்ப்ரசரை விட்டு வெளியேறும் கேஸின் சூடு, ஏறும். ஆர்-32க்கு இயல்பிலேயே 410ஏவை விட டிஸ்சார்ஜ் சூடு அதிகம். மோட்டார் வைண்டிங் (கம்பிச் சுருள்) இன்சுலேஷனும் எண்ணெயும் கருகி, இரண்டு மூன்று கோடையில் கம்ப்ரசர் போகும். அதற்கு முன்னாடி கரண்ட் பில் ஏறும்.

ஏப்ரல் 11 | காயில்காரன்

வேளச்சேரி சார், ஆள் கூப்பிடும் முன் நீங்களே பார்க்கக் கூடியவை.

ஃபில்டரைக் கழுவி மாட்டி, 18 டிகிரியில் இருபது நிமிஷம் ஓட விடுங்கள். மேலே காற்று உள்ளே போகும் இடத்திலும், கீழே வெளிவரும் இடத்திலும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரை வையுங்கள். வித்தியாசம் 10–14 டிகிரி இருந்தால் கேஸ் விஷயம் பேசவே வேண்டாம். 5, 6 என்றால் பிரச்சினை.

அடுத்து அவுட்டோர். பக்கத்தில் இரண்டு வால்வு இருக்கும். மெல்லிய குழாய் வால்வில் மட்டும் பனி பிடித்தால் கேஸ் குறைவுக்கு வலுவான அடையாளம். இன்டோர் காயில் முழுக்கப் பனி மூடியிருந்தால் அது பெரும்பாலும் அழுக்கு ஃபில்டர், அழுக்கு காயில், மெதுவாகச் சுற்றும் ப்ளோயர். காயிலின் ஒரு மூலையில் மட்டும் பனி, மற்ற பகுதி வறண்டு கிடக்கிறது என்றால் மறுபடி கேஸ் குறைவு.

குழாய்களை இணைக்கும் ஃப்ளேர் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு, அதில் தூசி ஒட்டிக் கறுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ் தனியாகக் கசியாது, கம்ப்ரசர் எண்ணெயையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் வரும்.

ஏப்ரல் 13 | வேதியியல் வாத்தியார்

இந்த வாயு காற்றுக்குப் போனால் என்ன என்பதையும் எண்ணிக்கையோடு வைத்துவிடுவோம். நூறு ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ வாயு எத்தனை கிலோ கார்பன் டையாக்சைடுக்குச் சமமாகப் புவியைச் சூடாக்கும் என்பது இது: ஆர்-12 சுமார் 10,900. ஆர்-410ஏ 2,088. ஆர்-22 1,810. ஆர்-134ஏ 1,430. ஆர்-32 675. ஆர்-290 மூன்று அளவில்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டையாக்சைடு வருகிறது. பழைய ஏசியில் ஒரு கிலோ ஆர்-22ஐத் திறந்துவிட்டால் ஏறத்தாழ 780 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். 800 கிராம் ஆர்-32 என்றால் சுமார் 235 லிட்டர். வால்வைத் திறந்து "புஸ்" என்று விடுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஏப்ரல் 13 | மதுரை சர்வீஸ்

சார், ஆர்-32ம் ஓசோனை ஓட்டை போடும்னு சொல்றாங்களே?

ஏப்ரல் 13 | வேதியியல் வாத்தியார்

இல்லை. ஓசோனைத் தின்பது குளோரின் (புரோமினும்). ஆர்-32, 410ஏ, 134ஏ எதிலும் குளோரின் இல்லை, எனவே ஓசோன் சேதம் பூஜ்யம். அவை செய்வது புவியைச் சூடாக்குவது மட்டும். ஆர்-22ல் ஒரு குளோரின் உண்டு. ஆர்-12ல் இரண்டு.

வரலாறு கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. 1920களில் குளிர்ப்பெட்டிகளில் அமோனியா, சல்ஃபர் டையாக்சைடு, மெத்தில் குளோரைடு ஓடின. கசிந்தால் வீட்டில் தூங்குகிறவர்கள் இறந்தார்கள். அதற்கு மாற்றாகத்தான் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் ஆர்-12ஐக் கொண்டுவந்தார்கள். 1930ல் அமெரிக்க வேதியியல் கழகக் கூட்டத்தில் மிட்ஜ்லி அதை மூச்சில் இழுத்து, ஊதி மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். நச்சில்லை, எரியாது என்பதற்கு அதுவே செய்முறை விளக்கம். மனிதனுக்குப் பாதுகாப்பானது என்பது அந்த அறைக்குள் சரி. எதனோடும் வினைபுரியாத அந்தக் குணமே அதைச் சிதையாமல் அடுக்கு வளிமண்டலம் வரை கொண்டுபோயிற்று. அங்கே புற ஊதாக் கதிர் குளோரினைப் பிரித்தது. மொலினாவும் ரோலண்டும் 1974ல் இதைக் கணித்துச் சொன்னார்கள். 1985ல் அண்டார்டிகாவின் ஹேலி நிலைய அளவீடுகள் ஓசோன் துளையைக் காட்டின. 1987 செப்டம்பர் 16ல், ஓசோனைக் கெடுக்கும் பொருட்களைப் படிப்படியாக நிறுத்தும் மான்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தாயிற்று.

இந்தியா 1992ல் அதில் சேர்ந்தது. புதிய கருவிகளில் ஆர்-22 வகையைப் போட்டு உற்பத்தி செய்வது 2025 ஜனவரி 1 முதல் இங்கே கிடையாது. பழைய கருவிகளின் பழுதுக்கு மட்டும் இன்னும் கிடைக்கிறது. ஆர்-32 வகைகளுக்கு அந்த உடன்பாட்டின் 2016 கிகாலி திருத்தம் பொருந்தும். இந்தியா 2021ல் அதை ஏற்றது. 2028ல் அளவை உறையவைத்து, 2032ல் குறைக்கத் தொடங்கி, 2047க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும்.

ஏப்ரல் 15 | காயில்காரன்

வாத்தியார் சொன்ன மெத்தில் குளோரைடுக்கு ஒரு பின்கதை உண்டு. அதற்கு ஆர்-40 என்று பெயர். 1930களோடு போன பொருள் என்று எல்லோரும் நினைத்தோம். 2011ல் சரக்குக் கப்பல் குளிர் கன்டெய்னர்கள் வெடித்து வியட்நாமிலும் பிரேசிலிலுமாக மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்று லேபிள் ஒட்டிய போலி கேஸில் ஆர்-40 கலந்திருந்தது. ஆர்-40 அலுமினியத்தோடு வினைபுரிந்து ட்ரைமெத்தில் அலுமினியம் உண்டாக்கும். அது காற்றுப் பட்டாலே தானாகத் தீப்பிடிக்கும்.

மலிவு விலைக்கு லேபிள் தெரியாத சிலிண்டர் வாங்காதே என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இது. நான் மேலே ஏப்ரல் 10ல் எழுதிய நின்ற அழுத்தச் சோதனையைச் சிலிண்டருக்கும் செய்யலாம். நிழலில் வைத்த சிலிண்டரின் அழுத்தத்தை அட்டவணையோடு ஒப்பிடு. 10 பிஎஸ்ஐக்கு மேல் விலகினால் அதை மெஷினில் ஏற்றாதே.

ஏப்ரல் 15 | மதுரை சர்வீஸ்

எங்க ஏரியாவுல ஆர்-22 மெஷினுக்கு சமையல் கேஸ் போடுறாங்கண்ணே. பிரஷர் ஏறக்குறைய ஒண்ணுதான், கூலிங்கும் நல்லா வருது.

ஏப்ரல் 15 | காயில்காரன்

கூலிங் வரும். புரொப்பேன் மைனஸ் 42ல் கொதிக்கும், ஆர்-22 மைனஸ் 41ல் கொதிக்கும். அழுத்தமும் பக்கத்தில்தான். அதனால்தான் ஆர்-290க்கென்றே செய்த ஏசி விற்பனையில் இருக்கு. ஆனால் அந்த மெஷினில் கேஸ் 300 கிராம் சுற்றி மட்டும், ரிலேயும் கனெக்டரும் பொறி வராத வகை, குழாய் இணைப்பும் வேறு விதம். ஆர்-22 மெஷினில் ஒன்றும் கிடையாது. கான்டாக்டர் ஒவ்வொரு தடவை ஒட்டும்போதும் பொறி வரும்.

சமையல் கேஸில் வேறு தொல்லைகளும் உண்டு. அது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது, கலவை ஊருக்கு ஊர், மாசத்துக்கு மாசம் மாறும். நாற்றத்துக்குச் சேர்க்கும் மெர்கேப்டனில் கந்தகம் இருக்கு. ஈரமும் இருக்கும். காப்பரும் கந்தகமும் சேர்ந்தால் கறுத்து அரிக்கும். புரொப்பேன் காற்றில் 2.1 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். காற்றை விட ஒன்றரை மடங்கு கனம், அதனால் தரையோடு தங்கும். 10க்கு 10 அறை, 10 அடி உயரம் என்றால் சுமார் 28 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 38 கிராம் என்பது எரியும் எல்லை. 300 கிராம் சமமாகப் பரவினால் 11 கிராம்தான், பிழைத்தோம். ஆனால் சமமாகப் பரவாமல் கட்டில் உயரத்துக்குள் தங்கினால் எல்லையைத் தாண்டும். அடுத்து வருகிற மெக்கானிக் ஸ்டிக்கரில் "ஆர்-22" பார்த்து, ஓட்டையில் பிரேசிங் (உலோகத்தை உருக்கி ஒட்டும்) டார்ச் காட்டுவான். அவன் உயிருக்கு யார் பொறுப்பு?

தயவுசெய்து வேண்டாம்.

ஏப்ரல் 18 | காயில்காரன்

குழந்தை பற்றி எழுதுகிறேன் என்றேன்.

ஆர்-32, அதே 28 கன மீட்டர் அறையில் 900 கிராமும் ஒரே மூச்சில் கசிந்தாலும் கன மீட்டருக்கு 32 கிராம். எரியும் எல்லை 307 கிராம். பத்தில் ஒரு பங்கு. மெதுவாக மாசக்கணக்கில் கசிகிற உங்கள் மெஷினில் இது ஒன்றுமே இல்லை. ஆர்-32க்கு நச்சுத்தன்மையும் மிகக் குறைவு. ஏசியிலிருந்து புளித்த வாடை, ஈரத்துணி வாடை வந்தால் அது கேஸ் இல்லை, காயிலிலும் டிரெயின் தட்டிலும் வளர்ந்த பூஞ்சை.

பயப்பட வேண்டிய இடங்கள் வேறு. குழாய் திடீரென்று உடைந்து சீறினால் சாமி விளக்கு, கொசுவத்தி, ஸ்டவ் எதுவும் எரியாமல் பார்த்துக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். தீயில் பட்ட ஆர்-32 ஹைட்ரஜன் ஃபுளூரைடாக உடையும். கண்ணும் தொண்டையும் எரிகிற காரமான புகை. ஆர்-22 தீயில் பட்டால் அதோடு ஹைட்ரஜன் குளோரைடும் ஃபாஸ்ஜீனும் சேரும். கேஸ் உள்ளே இருக்கும்போதே டார்ச் வைக்கிற மெக்கானிக் சுவாசிப்பது இதைத்தான்.

திரவ கேஸ் கையில் தெளித்தால் தோல் உறைந்து வெந்த மாதிரி ஆகும். தேய்க்காமல், வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துவிட்டு மருத்துவரிடம் போகணும். கையுறையும் கண்ணாடியும் போட ஒரு நிமிஷம் ஆகாது தம்பிகளா.

ஏசி அறையில் தூக்கத்திலேயே இறந்தார்கள் என்று செய்தி வந்தால், பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடியதா என்று முதலில் பாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

ஏப்ரல் 22 | வேளச்சேரி வாசகர்

ஃபில்டர் கழுவிப் பார்த்தேன். வித்தியாசம் 6 டிகிரி. மெல்லிய வால்வில் பனி இருக்கு. நட்டில் எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் இல்லை. இன்னொரு ஆள் கிடைச்சிருக்கார், நைட்ரஜன் சிலிண்டர் வெச்சிருக்கேன் என்கிறார். அவர் சரியா செய்யறாரா என்று நான் எப்படிப் பார்ப்பது?

ஏப்ரல் 22 | காயில்காரன்

வரிசையாகச் சொல்கிறேன், பக்கத்தில் நின்று பாருங்கள்.

முதலில் உள்ளே இருக்கும் கேஸை எடுக்கணும். ரெகவரி மெஷின் இருந்தால் தனி சிலிண்டருக்கு. அந்த சிலிண்டரை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது, வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும். ரெகவரி மெஷின் இல்லையென்றால் பம்ப் டவுன்: கூலிங்கில் ஓடவிட்டு, ஆலன் கீயால் மெல்லிய குழாய் வால்வை மூடி, கேஜ் பூஜ்யத்தை நெருங்கும்போது தடித்த வால்வையும் மூடி, அந்த நொடியே ஆஃப். கேஸ் அவுட்டோரில் அடைபடும்.

இதில் ஒரு மரண ஆபத்து இருக்கு. பெரிய ஓட்டை உள்ள லைனில், அல்லது குழாயைக் கழற்றிவிட்டு, கம்ப்ரசரை ஓட்டினால் காற்றை உள்ளே இழுக்கும். காற்றும் எண்ணெய்த் துளியும் அழுத்தத்தில் சூடாகி, டீசல் எஞ்சினில் நடப்பதைப் போலவே பற்றி, கம்ப்ரசர் வெடிக்கும். கேஜ் பூஜ்யத்துக்குக் கீழே போக விடவே கூடாது.

அப்புறம் நைட்ரஜன். ரெகுலேட்டர் இல்லாமல் நேராக மாட்டினால் அனுப்பிவிடுங்கள். நிறைந்த சிலிண்டரில் 2,000 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். ஆக்சிஜனைக் கொண்டுவந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள், ஆக்சிஜனும் கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்தால் குண்டு. முதலில் 50, கொஞ்சம் பொறுத்து 150, பிறகு 400 பிஎஸ்ஐ. ஸ்டிக்கரில் உள்ள உச்ச அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. 400ல் சோப்பு நுரை: கெட்டியான பாத்திரச் சோப்புத் திரவம், தண்ணீர் குறைவாக. நான்கு ஃப்ளேர், கேஜ் மாட்டும் சர்வீஸ் பின், காயிலின் வளைவுகள் எல்லாவற்றிலும் தடவி இரண்டு நிமிஷம் காத்திருக்கணும். நுண்ணிய ஓட்டை ஒரே குமிழியாக வராது, வெண்மையாகப் பொங்கி மெதுவாக ஏறும்.

எதுவும் தெரியவில்லை என்றால் ராத்திரி முழுக்க விட்டுவிடலாம். காலையில் 10 டிகிரி குளிர்ந்திருந்தால் 400ல் 13, 14 பிஎஸ்ஐ தானாகக் குறையும், அது ஓட்டை இல்லை. அதற்கு மேல் இறங்கினால் ஓட்டை.

ஏப்ரல் 23 | காயில்காரன்

ஃப்ளேர் என்றால் நேற்று எழுதாமல் விட்டது. குழாயைக் கட்டரால் வெட்டி, வாயைக் கீழே பார்த்தபடி பிசிறு எடுக்கணும், தூள் உள்ளே விழக் கூடாது. நட்டை முதலில் மாட்டிவிட்டு ஃப்ளேர். முகத்தில் ஒரு சொட்டு கம்ப்ரசர் எண்ணெய். டேப், ஷெல்லாக் எதுவும் வேண்டாம். இரண்டு ஸ்பேனர் போட்டு, கால் இன்ச்சுக்கு 14–17 நியூட்டன் மீட்டர், மூன்று நூலுக்கு (3/8 இன்ச்) 33–40, அரை இன்ச்சுக்கு 50–60. டார்க் ரென்ச் இல்லாதவர்கள் பலம் முழுக்கக் காட்டி இறுக்குவார்கள். அன்றைக்குக் கசியாது. ஃப்ளேர் மெலிந்து, அடுத்த வருஷம் அதிர்வில் விரியும்.

ஏப்ரல் 23 | மதுரை சர்வீஸ்

வாக்யூம் எவ்வளவு நேரம்ணே? சிலர் கேஸை விட்டே காத்தைத் தள்ளிடுறாங்க.

ஏப்ரல் 24 | காயில்காரன்

நேரம் இல்லை தம்பி, மைக்ரான் (குழாய்க்குள் மிச்சமிருக்கும் அழுத்தத்தின் அளவு, குறையக் குறைய வாக்யூம் நல்லது). இரண்டு ஸ்டேஜ் பம்ப், 500 மைக்ரானுக்குக் கீழே. ஊசிக் கேஜில் மைனஸ் 30 காட்டுவது எதையும் சொல்லாது. 25 டிகிரியில் தண்ணீர் கொதிக்கவே 24,000 மைக்ரானுக்குக் கீழே போகணும், ஊசிக் கேஜுக்கு அந்த 24,000க்கும் 500க்கும் வித்தியாசம் தெரியாது. 500 வந்ததும் பம்ப்பைப் பிரித்துப் பத்து நிமிஷம் பார். 1,000க்குள் நின்றால் சரி. ஏறி 2,000 பக்கம் போய் நின்றால் ஈரம். நிற்காமல் ஏறினால் ஓட்டை. மழைக்காலத்தில் பம்ப் எண்ணெயை அடிக்கடி மாற்று, பால் போல வெளுத்த எண்ணெயில் வாக்யூம் இறங்காது.

ஏப்ரல் 24 | வேதியியல் வாத்தியார்

ஈரம் ஏன் இவ்வளவு கெடுதல் என்பதற்குக் காரணம் எண்ணெயில் இருக்கிறது. ஆர்-22ல் கனிம எண்ணெய். 410ஏ, ஆர்-32ல் பாலியால் எஸ்டர். எஸ்டர் என்பது அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து, தண்ணீரை வெளியேற்றி உண்டானது. தண்ணீரைத் திரும்பக் கொடுத்துச் சூடும் ஏற்றினால் வினை பின்னோக்கி ஓடும். கார்பாக்சிலிக் அமிலம் பிரியும். அது காப்பரைக் கரைத்துக் கம்ப்ரசர் பேரிங்கில் பூசும், எக்ஸ்பான்ஷன் வால்வில் பசையாகப் படியும், வைண்டிங் பூச்சைத் தின்னும். இந்த எண்ணெய் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். டின்னைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது.

மே 6 | வேளச்சேரி வாசகர்

நைட்ரஜன் சோதனை முடிஞ்சது. நாலு நட்டும் சுத்தம். இன்டோர் காயிலில் மூணு இடத்தில் நுரை ஏறுது, குழாயில் கண்ணுக்கு ஓட்டையே தெரியலை, பழுப்பும் நீலமுமா சின்னப் புள்ளிகள் மட்டும். அறையில் சுவர் முழுக்க வார்ட்ரோப். வீட்டுக்கு வந்தப்போ புதுசா செஞ்சது. "பிரேசிங் பண்ணிடலாமா?" என்கிறார்.

மே 6 | காயில்காரன்

பண்ண வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளம் எறும்புப் புற்று அரிப்பு. காப்பர் சுவருக்குள் எறும்பு வளை போல நுண்ணிய சுரங்கங்கள் கிளை கிளையாகப் போகும். மூன்று இடம் தெரிந்தால் முப்பது இடம் பாதி வழியில் இருக்கு. ஒன்றை அடைத்தால் அடுத்தது திறக்கும். காயிலை மாற்றணும்.

இது வர மூன்று பொருள் வேண்டும்: ஈரம், காற்று, கரிம அமிலம். ஏசி காயிலில் முதல் இரண்டும் எப்போதும் உண்டு. மூன்றாவது உங்கள் வார்ட்ரோப்பிலிருந்து வந்திருக்க நிறைய வாய்ப்பு. பிளைவுட், எம்டிஎஃப் பலகைகளில் யூரியா-ஃபார்மால்டிஹைடு பசை. அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு மெதுவாகக் கிளம்பிக்கொண்டே இருக்கும், ஆக்சிஜனேறினால் ஃபார்மிக் அமிலம். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் சீலன்ட்டிலிருந்து அசிட்டிக் அமிலம். இரண்டும் காயிலின் தண்ணீரில் கரையும்.

பக்கத்தில் சாக்கடையோ கால்வாயோ இருந்து, காயில் முழுக்கக் கறுத்திருந்தால் அது வேறு: ஹைட்ரஜன் சல்ஃபைடு காப்பரைத் தாக்குவது. உங்களுடையது பழுப்பு-நீலப் புள்ளி என்பதால் அமிலப் பக்கம்தான் நான் நிற்பேன்.

மே 7 | வேதியியல் வாத்தியார்

குழந்தையைப் பற்றிய கேள்விக்கு இங்கேதான் உண்மையான பதில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஆர்-32ஐ விட ஃபார்மால்டிஹைடே அந்த அறையில் கவலைப்பட வேண்டிய பொருள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ல் அதை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்பில் சேர்த்தது. வீட்டுக் காற்றுக்கு வழிகாட்டு எல்லை கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம், அரை மணி நேரச் சராசரி. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, இருப்பதையே சுற்றவிடும். மூடிய அறை, புதுப் பலகை, இரவு முழுக்க ஏசி. காலையும் மாலையும் அரை மணி நேரம் ஜன்னலைத் திறந்து எதிரெதிர்க் காற்று ஓடவிடுங்கள். பலகையின் வெட்டிய ஓரங்களும் பின்பக்கமும் மூடாமல் இருந்தால் எட்ஜ் பேண்டோ லாமினேட்டோ ஒட்டச் சொல்லுங்கள். அதிகம் கிளம்புவது அந்த ஓரங்களில்தான். புதிதாகப் பலகை வாங்குகிறவர்கள் ஈ-1 அல்லது ஈ-0 தரம் என்று கேட்டு வாங்கலாம்.

மே 9 | மதுரை சர்வீஸ்

கார் ஏசிக்கு இப்ப 1234ஒய்எஃப்னு வருதே, அது நல்லதா சார்?

மே 10 | வேதியியல் வாத்தியார்

புவி சூடாவதைப் பொறுத்தவரை மிக நல்லது, 134ஏவோடு ஒப்பிட ஏறத்தாழ ஒன்றுமில்லை. மூலக்கூறில் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் காற்றில் சில நாட்களிலேயே சிதையும். சிதைந்து கிட்டத்தட்ட முழுவதும் ட்ரைஃபுளூரோ அசிட்டிக் அமிலமாகி மழையோடு இறங்கும். அது மண்ணிலும் நீரிலும் சிதையாமல் சேரும். ஐரோப்பாவில் இதைக் கட்டுப்படுத்தலாமா என்ற விவாதம் சூடாக நடக்கிறது. ஆர்-32ல் மூன்று ஃபுளூரின் கொண்ட முனை இல்லாததால் அந்த அமிலம் வராது. என் விருப்பம் சிறிய அளவு ஆர்-290, அதற்கென்றே செய்த மெஷினில்.

மே 10 | காயில்காரன்

நானும் அதே கட்சி. வீட்டு ஃப்ரிட்ஜில் ஐசோபியூட்டேன் 30–70 கிராம் போட்டு வருஷக்கணக்கில் ஓடுது, யாரும் பயப்படுவதில்லை. ஏசிக்கு வரும்போது பொருத்துகிற ஆளுக்குப் பயிற்சி முக்கியம், அது இன்னும் போதவில்லை.

ஜூன் 2 | வேளச்சேரி வாசகர்

புது காயில் வந்திருக்கு, நாளைக்கு மாட்டறாங்க. ஸ்டிக்கரில் 0.78 கிலோ. குழாய் 8 மீட்டர். எவ்வளவு போடணும்?

ஜூன் 2 | காயில்காரன்

மேனுவலில் "முன்னிரப்பு எத்தனை மீட்டர் வரை" என்று இருக்கும். உதாரணத்துக்கு 5 மீட்டர் வரை, அதற்கு மேல் மீட்டருக்கு 20 கிராம் என்றிருந்தால் 3 மீட்டருக்கு 60 சேர்த்து 840 கிராம். உங்கள் மேனுவலில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அவுட்டோரில் அடைத்து வைத்த பழைய கேஸ் எத்தனை கிராம் என்று யாருக்கும் தெரியாது. அதன்மேல் குத்துமதிப்பாகச் சேர்க்க விடாதீர்கள். முழுக்க ரெகவரி சிலிண்டருக்கு எடுத்துவிட்டு, வாக்யூம் போட்டு, தராசில் வைத்துப் புதிதாக 840.

காயில் பூச்சு உள்ளதா என்று பெட்டியில் பாருங்கள். பழைய நான்கு ஃப்ளேரையும் வெட்டிப் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள். போட்ட கிராமையும் தேதியையும் அவுட்டோர் மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வையுங்கள்.

அடுத்த மார்ச்சில் யாராவது "கேஸ் செக் பண்ணணும்" என்று கேஜை எடுத்தால் மாட்ட விடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் ஹோஸில் சில கிராம் போகும், சர்வீஸ் பின்னின் ரப்பரும் தேயும். தெர்மாமீட்டர் 10–14 காட்டினால் ஃபில்டரையும் காயிலையும் வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லி அனுப்பிவிடுங்கள். அமிலக் காயில் க்ளீனர் அந்தப் புதுக் காயிலுக்கு ஆகாது.